ஒழுங்கை வெள்ளத்துக்கு யாரிடம் போவது?

கேள்வி: மாரியில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். சனசமூக நிலையம் பிரதேச சபைக்கும், கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச செயலகத்துக்கும் தனித்தனியே கடிதம் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், வலிகாமம்

பதில்: இரண்டு கடிதம் போனால் இரண்டு அலுவலகமும் 'மற்றவர் பார்ப்பார்' என்றுதான் இருக்கும். முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கை பெரும்பாலும் பிரதேச சபைக்கு. சபையின் வீதிப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், அதைச் சேர்ப்பிப்பதுதான் முதல் வேலை.

பிறகு இரு சங்கமும் கூட்டாகக் கூடி ஒரே தீர்மானம் எழுதி, சபைச் செயலாளருக்குக் கொடுங்கள். பிரதி வட்டார உறுப்பினருக்கும் பிரதேச செயலாளருக்கும். 'வெள்ளம் நிற்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மதகிலிருந்து எதுவரை, எத்தனை மீற்றர், தண்ணீர் எங்கே போய் விழும் என்பதும் வேண்டும். மழைநாள் படத்தையும் இணையுங்கள். சபையின் அடுத்த ஆண்டு பாதீடு (வரவு செலவுத் திட்டம்) டிசம்பருக்குள் நிறைவேறிவிடும். ஆகஸ்டிலேயே கொடுப்பது நல்லது. மாரி தொடங்கிய பின் போனால் மண்வெட்டிதான் வரும், வாய்க்காலுக்கான செலவு மதிப்பீடு வராது.

வேலை குழம்புவது பெரும்பாலும் கடைசிக் காணியில். வாய்க்கால் தனியார் வளவுக்குள்ளால் போகுமானால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தை முன்பே வாங்குங்கள், வெளிநாட்டில் இருந்தாலும்.