அனுமதி இல்லாமல் செய்த கூடுதல் வேலைக்கு அரசிடம் பணம் வாங்க முடியுமா?

கேட்டவர் நிலைமை இது: ஊராட்சி சாலைப் பணியில் பொறியாளர் வாயால் சொன்னதை நம்பித் தடுப்புச்சுவரை 40 மீட்டர் நீட்டிக் கட்டிவிட்டார். இப்போது "எஸ்டிமேட்டில் இல்லை, பில் போட முடியாது" என்கிறார்கள்.

வாங்க முடியும். முழுதாக வரும் என்று மட்டும் எண்ணாதீர்கள். நான் இதே குழியில் விழுந்து எழுந்தவன்.

2023 மே மாதம், பாசன வாய்க்கால் மேல் ஒரு சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு. தண்ணீர் வருவதற்குள் அடித்தளம் முடிந்தாக வேண்டும். எஸ்டிமேட்டில் சொன்ன ஆழம் வரை தோண்டியும் கெட்டித்தரை வரவில்லை, வெறும் களி. பொறியாளர் வந்து கம்பியை ஊன்றிப் பார்த்தார், பொதுக்கென்று இறங்கியது. "இன்னும் மூணு அடி எடுத்து கான்கிரீட் போட்டுடுங்க. ரிவைஸ்டு எஸ்டிமேட்ல சேத்துக்கலாம்" என்றார்.

போட்டேன். 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம், ஆக 54 கனமீட்டர். ஊற்று நிற்கவே இல்லை. ஒன்பது நாள் இரவும் பகலும் டீசல் மோட்டார் ஓடியது. ஆகஸ்டில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "எம் புக்ல இல்லாததுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?" என்று கேட்டார். எம் புக் என்றால் முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம்.

அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. இன்று யோசித்தால் அவர் கேட்டது சரி. மண்ணுக்கு அடியில் மூன்றடி போட்டேன் என்று எந்த ஒப்பந்தக்காரரும் சொல்லலாம், அளவுப் புத்தகம் இல்லையென்றால் மக்கள் பணத்துக்குக் காவல் ஏது? தவறு செய்தவர் வாயால் உத்தரவு போட்டுவிட்டுத் தாளில் எழுதாமல் போனவர். எழுதி வாங்காமல் விட்ட நானும்தான்.

என்னைக் காப்பாற்றியது மூன்று சங்கதி. குழிக்குள் லெவல் ஸ்டாஃப் (ஆழம் காட்டும் அளவுகோல்) வைத்து மேஸ்திரி எடுத்த படங்கள். ரெடிமிக்ஸ் லாரி ஒன்பது நடைக்கும் தேதியோடு இருந்த சலான்கள், நடைக்கு 6 கனமீட்டர். அந்தப் படத்தை அனுப்பியபோது பழைய பொறியாளர் வாட்ஸ்அப்பில் போட்ட "ஓகே, போடுங்க". இவற்றை வைத்து, துறையும் நானும் சேர்ந்து பார்க்கும் கூட்டு ஆய்வு கேட்டு எழுதினேன். என் செலவில் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி (கோர்) எடுத்தார்கள், ஆழம் சரியாக வந்தது. 2025 தொடக்கத்தில் கான்கிரீட்டுக்கு மட்டும் எஸ்.ஆர். விலையில், அதாவது அரசு விலைப்பட்டியல்படி, பணம் வந்தது. மோட்டார் ஓடியதற்கு ஒரு டீசல் ரசீதுகூட ஒழுங்காக வைத்திருக்கவில்லை, அந்தக் காசு போனது போனதுதான். வட்டியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 70. சட்டப்படி ஒரு காரியத்தைச் செய்து, அதை இலவசமாகச் செய்யும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருந்து, எதிர்த்தரப்பு அதன் பலனை அனுபவித்தால், அவர் ஈடு தந்தாக வேண்டும். இதற்கு அடிப்படையான வழக்கு மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்தது. 1943 பஞ்சத்துக்கு மறு வருடம், குடிமைப் பொருள் துறைக்காக ஆரம்பாக்கில் அலுவலகம், சமையல்கூடம், மண்சாலை, பிறகு கானாகுல்லில் சேமிப்புக் கொட்டகைகள் என்று கட்டிக் கொடுத்தார்கள். "உத்தரவிட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரமே இல்லை, அதனால் ஒப்பந்தமே கிடையாது" என்றது அரசு. ஒப்பந்தம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும், வேண்டாம் என்று சொல்லி அகற்றச் சொல்லும் உரிமை அரசுக்கு இருந்தும் அதை ஏற்றுப் பயன்படுத்தியதால் ஈடு கொடு என்று 1961 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கட்டடம் எழும்ப 1944, நியாயம் கிடைக்க 1961. அந்தப் பதினேழு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருந்து, அந்த விவகாரத்துக்கு அதிலேயே விதியும் இருந்தால், பிரிவு 70 பக்கம் போக முடியாது. அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல்.லுக்கும் டாடா கம்யூனிகேஷன்ஸுக்கும் நடந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே முதலில் உங்கள் அக்ரிமெண்டை எடுத்துக் கூடுதல் பணி பற்றிய பகுதியைப் படியுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில் அது 12ஆம் பிரிவு. உத்தரவு வந்த 15 நாளுக்குள் விலைப் பகுப்பாய்வோடு கோரிக்கை தரவேண்டும் என்று இருக்கும். உங்கள் அக்ரிமெண்டில் கெடு வேறாக இருக்கலாம். சுவரை நீட்டியது அந்த விதிக்குள் வருமானால் அதன் வழியேதான் கேட்கவேண்டும். ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலை, அல்லது மண்டல் வழக்கு போல ஒப்பந்தமே செல்லாது என்றால்தான் பிரிவு 70.

இறுதிப் பில்லில் கண்ணை மூடிக்கொண்டு "இனி கோரிக்கை இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டிய நெருக்கடி என்றால் "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதி வாங்கியவரின் கோரிக்கை அதனாலேயே செத்துவிடாது என்று ஆர்.எல். கலாதியா வழக்கில் 2011இல் தீர்ப்பு இருக்கிறது. பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. அரசு மேல் வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்பும் வேண்டும், கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியாக வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தரவேண்டும். அந்த போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

என் கான்கிரீட் மண்ணுக்குள் போய்விட்டது. உங்கள் சுவர் வெளியே நிற்கிறது, யார் வேண்டுமானாலும் டேப் பிடிக்கலாம். அதனால் இந்த வாரமே கூட்டு அளவீடு கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில் நின்று சொன்னார் என்பதைக் குறிப்பிடுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகப் படியிறங்காதீர்கள்.