அரசுக்கு அரசு ஆயுத விற்பனை என்றால் என்ன? நிறுவனத்திடமே ஏன் வாங்குவதில்லை?

ஒரு நாடு ஆயுதத்தை அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் வாங்காமல், அந்த நிறுவனம் இருக்கும் நாட்டின் அரசிடமே வாங்குவதுதான் இது. அமெரிக்காவில் இதற்கு 'வெளிநாட்டு ராணுவ விற்பனை' என்று பெயர். 1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை நெறிப்படுத்துகிறது. வாங்கும் நாடு கையெழுத்திடுவது அமெரிக்க அரசுடன். அந்த அரசு நிறுவனத்துடன் தனியாக ஒப்பந்தம் செய்து பொருளைப் பெற்றுத் தருகிறது.

ஏன் இந்தச் சுற்றுவழி? போர் விமானத்தை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. பல பத்தாண்டுகளுக்கு உதிரிபாகம், பயிற்சி, பழுதுபார்ப்பு எல்லாம் வேண்டும். வீடு கட்டும் உறவினர் தனக்குச் சிமெண்ட் வாங்கும்போது நமக்கும் சேர்த்து வாங்கித் தருவதைப் போல, அந்த அரசு தன் படைக்கு வாங்கும் அதே விதிமுறைகளின்படி நட்பு நாட்டுக்கும் வாங்குகிறது. இதற்கு நிர்வாகக் கட்டணம் உண்டு. விற்ற பிறகும் பிடி தளர்வதில்லை: அனுமதியின்றி மூன்றாம் நாட்டுக்குக் கைமாற்ற முடியாது. விலையைவிட அதிகம் யோசிக்க வேண்டிய நிபந்தனை இதுதான் என்பேன்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிவித்த அன்றே விற்பனை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்போது வெளியாகும் தொகை மேல்வரம்பு மதிப்பீடுதான். இறுதித் தொகை அதைவிடக் குறையலாம், ஒப்பந்தம் கையெழுத்தாகாமலும் போகலாம்.