டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பீடி பழக்கம் உண்டு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, நடுத்தர நிலை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் மெடிக்கலில் அந்த மாத்திரை இல்லை; 'இதுவும் அதேதான்' என்று வேறொன்று தந்தார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கம்பெனி மாறினால் பரவாயில்லை, அளவு மாறக் கூடாது. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 2013-ல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் பயன்பட்ட கலவை, ஒரு நாளைக்கு: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 யூனிட், லூட்டின் 10 மி.கி., ஸியாஸாந்தின் 2 மி.கி., ஜிங்க் 80 மி.கி., காப்பர் 2 மி.கி. ஜிங்க் 25 மி.கி. என்று இருந்தாலும் தள்ள வேண்டாம். அதே ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காப்பர் இல்லாமல் ஜிங்க் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ஜிங்க் அதிகமானால் உடம்பில் செம்பு குறையும், ரத்தசோகை வரும். அட்டையில் போட்டிருப்பது ஒரு மாத்திரைக்கான அளவா, ஒரு நாளைக்கானதா என்பதையும் கவனியுங்கள்.

முக்கியமாக, பீட்டா கரோட்டின் என்ற பெயர் அதில் இருக்கக் கூடாது. புகைப்பவர்களுக்கு அது கலந்த மாத்திரை நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது; பீடியை விட்டுவிட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கீரை, காரட்டில் இருப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வெறும் வயிற்றில் ஜிங்க் குமட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரானால் இடையில் 4 மணி நேரம் விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரென்றால் வைட்டமின் இ-க்காக டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

இந்த மாத்திரை போன பார்வையைத் திருப்பித் தராது. நோய் முற்றும் அபாயத்தை 5 வருடத்தில் சுமார் கால் பங்கு குறைக்கும், அவ்வளவுதான். அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். படிக்கிற கண்ணாடியோடு, ஒரு முழம் தள்ளி, ஒரு கண்ணை மூடிப் புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். கோடு நெளிந்தாலோ நடுவில் கறை போலத் தெரிந்தாலோ மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக்குழாய் கசியும் வகையானால் ஊசி உண்டு. தள்ளிப்போட்டால் ஊசிக்கும் பலன் குறையும்.

கேள்வி: வயது 34, கம்ப்யூட்டர் வேலை. லூட்டின் மாத்திரை சாப்பிட்டால் பவர் இறங்குமா?
– வாசகி, மேலூர்

பதில்: இறங்காது. கிட்டப்பார்வை வருவது கண் கோளத்தின் நீளத்தால், சத்துக் குறைவால் அல்ல. லூட்டின் வேண்டுமென்றால் வேகவைத்த பாலக்கீரை 100 கிராமிலேயே சுமார் 10 மி.கி. இருக்கிறது. மாத்திரைக் காசுக்கு எத்தனை கட்டு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பையனுக்கு 3 வயது. பொழுது சாய்ந்தால் வாசப்படியில் தடுக்குகிறான். தினமும் முருங்கைக்கீரை சூப் வடிகட்டித் தருகிறேன். மீன் எண்ணெய் மாத்திரையும் தரலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மாத்திரை வாங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், இந்த வாரமே. இது மாலைக்கண்ணாக இருக்கலாம். வெள்ளை விழியில், கருவிழி ஓரமாக, சோப்பு நுரை காய்ந்தது போலத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். வைட்டமின் ஏ திரவம் 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், ஒன்றரை வயதில் 2 லட்சம், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என 5 வயது வரை 9 தடவை தர வேண்டும். விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். நீங்களாகக் கூடுதலாக ஊற்ற வேண்டாம்; வைட்டமின் ஏ உடம்பில் தங்கிவிடும், மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும்.

சூப்பில்தான் கோளாறு. உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுவது கீரையிலிருக்கும் கரோட்டின்; அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். வடிகட்டியதும் கண்ணுக்கானது சக்கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு கைப்பிடி இலையை உருவிப் பாசிப்பருப்போடு வேகவைத்து, தண்ணீரை வடிக்காமல் மசித்து, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். பொடி செய்து வைப்பதானால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் பச்சை மட்டுமல்ல, சத்தும் வெளுத்துவிடும். குடற்புழு இருந்தால் எதைக் கொடுத்தும் ஒட்டாது, அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் 2 மாதக் கர்ப்பம். பிள்ளைக்குக் கண் நன்றாக இருக்க வாரா வாரம் ஆட்டு ஈரல் கொடுக்கச் சொல்கிறார் சம்பந்தியம்மா.
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: வேண்டாம். கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ உச்ச அளவு நாளைக்கு 10,000 யூனிட். 100 கிராம் ஈரலில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது; முதல் 3 மாதத்தில் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது. சம்பந்தியம்மா மனம் கோணாமல் இருக்க முட்டையும் கீரையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை வந்து 12 வருடம். தினம் பொன்னாங்கண்ணி சாப்பிடுகிறேன், பார்வையும் தெளிவாக இருக்கிறது. கண் பரிசோதனை தேவையா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: கீரையை விடாதீர்கள், பரிசோதனையையும் விடாதீர்கள். விழித்திரையில் ரத்தக்குழாய் கெட ஆரம்பித்த பிறகும் பார்வை நாள்பட நன்றாகவே இருக்கும். வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். விட்டபின் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். வண்டியை வீட்டில் வைத்துவிட்டு, துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போய் வாருங்கள்.