வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மாலத்தீவிலும் ஷார்ஜாவிலும் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் ஆசிரியை ஒருவர், வேலைக்கு அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறார்.

மதுரையிலிருந்து: டீச்சர், எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் 4,000 திர்ஹாம் சம்பளம் என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீங்கம்மா. அமீரகத் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. அதை ஊழியரிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டிலும் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று நீங்களே பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதிலும் பதிந்துவையுங்கள்.

அதே 4,000 திர்ஹாம் நல்ல சம்பளமா?

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று கேளுங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஓராண்டு முடித்தவர்களுக்கு, முதல் ஐந்தாண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் பேசிக். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். பேசிக் 2,000 என்று போட்டு மீதியை அலவன்ஸ் என்று பிரித்தால் ஆண்டுக்கு 1,400 திர்ஹாம் வரும். அதே 4,000-இல் பேசிக் 3,500 என்றால் 2,450. மாதாமாதம் கையில் வாங்குவது ஒன்றுதான், ஆனால் ஐந்தாண்டில் 5,000 திர்ஹாமுக்கு மேல் வித்தியாசம். ஆசிரியர்கள் பலர் இதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்தது ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. அந்த இரண்டு மாதத்துக்கும் சம்பளம் உண்டா? ஏப்ரலில் சேரும் புதியவருக்கும் முழுதாக உண்டா? ஊருக்கு வந்துபோக டிக்கெட் ஆண்டுக்கு ஒருமுறையா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையா? தங்குமிடம் பள்ளி தருகிறது என்றால் ஒரு அறையில் எத்தனை பேர்? எல்லாவற்றையும் மெயிலில் கேளுங்கள், பதிலும் மெயிலில் வரட்டும். போனில் சொன்னது பிறகு நிற்காது.

கணவரையும் குழந்தையையும் அழைத்துப்போக முடியுமா?

அமீரகத்தில் குடும்ப விசாவுக்குக் குறைந்தது 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். விசா கிடைப்பது வேறு, அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டிக் குழந்தையைப் படிக்கவைப்பது வேறு. ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை எத்தனை சதவீதம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: "முதலில் விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

போகாதீங்க தம்பி. விசிட் விசாவில் வகுப்பு எடுப்பது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூட உங்களுக்குத் தைரியம் வராது. அதை நம்பித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். தாய்லாந்துக்கும் இதே பதில்தான். இந்தியர்கள் அங்கே சுற்றுலாப் பயணியாக எளிதில் நுழைய முடிகிறது என்பதால் "டிக்கெட் போட்டுக் கிளம்புங்கள்" என்று சொல்வார்கள். அது சுற்றுலாவுக்கு. வேலைக்கு நான்-இமிகிரன்ட் பி விசாவும் தனியாகப் பணி அனுமதியும் வேண்டும். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தது 2022-லேயே வெளிவந்தது. விசா பக்கத்தில் "வேலை" என்று இல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து: மாலத்தீவு எப்படி? பக்கம்தானே என்று அப்பா சொல்கிறார்.

தலைநகர் மாலே வரைதான் பக்கம். உங்களைப் போடப்போகும் தீவு எது என்பதுதான் கேள்வி. மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ 190 இருக்கின்றன. தலைநகரிலிருந்து உள்நாட்டு விமானம், பிறகு படகு என்று போக வேண்டிய தீவும் அதில் உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு வராது. அந்தத் தீவில் சுகாதார மையம் எந்த அளவில் இருக்கிறது, பெரிய மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள்.

பாடம் எடுப்பதில் எனக்குக் குறை இல்லை. பள்ளிகள் ஆங்கில வழியில் நடப்பதால் பிள்ளைகள் தயங்காமல் பேசுவார்கள். பிரச்சினை பணத்தை ஊருக்கு அனுப்புவதில். சம்பளம் அந்நாட்டுப் பணமான ருஃபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. அந்த விலைக்கு வங்கியில் வேண்டிய அளவு டாலர் கிடைக்காது. வெளியே வாங்கினால் விலை அதிகம். ஆகவே சம்பளத்தை 15.42-ஆல் வகுத்து டாலராக்கி, அதை ரூபாயாக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். இப்போது அங்கே இருக்கும் ஒரு ஆசிரியர் போன மாதம் எவ்வளவு அனுப்பினார், என்ன விலைக்கு அனுப்பினார் என்று கேளுங்கள். அதுதான் உண்மையான கணக்கு.

இன்னொன்று, சாமி சிலையைப் பெட்டியில் வைத்துப் போகாதீர்கள். வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி எதையும் அந்நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. இஸ்லாம் அல்லாத வழிபாடு பொதுவில் கூடாது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வியட்நாம், சீனா பக்கம் நமக்கு வாய்ப்பு உண்டா, மேடம்?

வியட்நாமில் இந்தியர்கள் வேலை பார்க்கிறார்கள். பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, பணி அனுமதி எல்லாம் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி உள்ளவருக்கு ஒரு சம்பளம், மற்றவருக்கு ஒரு சம்பளம் என்று விளம்பரத்திலேயே பிரிப்பார்கள். நல்லாசிரியர்கள் தோல் நிறத்தாலும் கடவுச்சீட்டாலும் பின்தள்ளப்படுவது அநியாயம். சீனாவில் விதியே பொதுவாக அப்படித்தான். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவருக்குத்தான் அந்தப் பணி அனுமதி. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், வேறு வேலைக்கான விசாவில் உங்களை அனுப்பப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

சான்றிதழ் ஒரிஜினலைப் பள்ளி கேட்கிறது.

காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. அமீரகத்துக்கு என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அவர்கள் தூதரகம் என்று மூன்று இடத்தில் அட்டஸ்டேஷன், அதாவது சான்றொப்பம், வாங்க வேண்டும். ஓமன், ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இருப்பதால் அப்போஸ்டில் என்ற அந்த முத்திரை போதும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிவைத்துக்கொள்வதை அமீரகச் சட்டம் அனுமதிப்பதில்லை.

சேலத்திலிருந்து: அமீரகப் பள்ளி ஒன்றின் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, பிரொபேஷன் (தகுதிகாண் காலம்) ஒரு வருடம் என்று இருக்கிறது. நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

நான்கு நாள் அவகாசம் கேட்டு மெயில் போடுங்கள். ஆசிரியர் உண்மையிலேயே தேவைப்படும் பள்ளி காத்திருக்கும். அதற்குள் அந்தப் பள்ளியில் இப்போது இருப்பவர் ஒருவரையும் விட்டுவந்தவர் ஒருவரையும் தேடிப் பேசுங்கள். விட்டுவந்தவரிடம் இரண்டே கேள்வி: கடைசி மாதச் சம்பளமும் பணிக்கொடையும் கைக்கு வந்ததா, எத்தனை நாளில் வந்தது?

உங்கள் ஆஃபர் லெட்டரில் பிரொபேஷன் ஒரு வருடம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. அதை மாற்றித் தரச் சொல்லி அதே மெயிலில் கேளுங்கள்.