"முகவரியை வாசிக்கிறது ஆர், சேர்?"

கலத்துக்குள் உருவாகும் இத்தனை ஆயிரம் புரதங்களில் எது இலைசோசோமுக்கு (கலத்தின் குப்பையைச் சமிக்கும் பை) போகவேண்டும், எது வெளியே போகவேண்டும் என்று யார் பிரிக்கிறார்கள், அகமுதலுருச் சிறுவலை (மென்சவ்வால் ஆன குழாய் வலை), கொல்கி (அதற்கு அடுத்து வரும் தட்டுக் குவியல்), புடகம் (சின்ன மென்சவ்வுப் பை) என்று பாடமாக்கியும் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரும் பிரிப்பதில்லை. இது எனக்கே பிந்தித்தான் உறைத்தது. கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். கனகாலமாக நானும் எல்லாரையும் போல கொல்கி என்றால் தபாற்கந்தோர், புரதம் என்றால் கடிதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று, "அப்ப முகவரியை வாசிக்கிறது ஆர், சேர்?" என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

இரணைமடுவில் துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வெட்டிய பக்கம் போகும், தண்ணீருக்கென்று ஒரு விருப்பமும் இல்லை. புரதம் அப்படியல்ல. போகவேண்டிய இடம் அதன் உடம்பிலேயே ஒரு துண்டாக இருக்கிறது. அந்தத் துண்டு தனக்குப் பொருந்துகிற இன்னொரு மூலக்கூறோடு போய் ஒட்டும், பொருந்தாததோடு ஒட்டாது. வாசிப்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்த ஒட்டுதல்தான்.

இன்சுலினை வைத்தே சொல்கிறேன், அது எங்கள் வீட்டுச் சாமான். கரண்ட் இல்லாத காலத்தில் அம்மாவின் இன்சுலின் போத்தல் ஈரமணல் போட்ட மண்பானைக்குள்தான் இருந்தது. சதையியின் பீற்றாக் கலத்தில் இந்த இன்சுலின் முதலில் 110 அமினோவமிலம் நீளமான சங்கிலியாகத் தொடங்குகிறது. அதில் முன்னால் இருக்கும் 24 தான் முகவரி. அந்த முகவரியின் நடுப்பகுதி எண்ணெய்த்தன்மையானது, தண்ணீரோடு ஒத்துப்போகாது. சங்கிலி முழுதாகக் கட்டி முடியவும் இல்லை, இந்த முனை, புரதம் கட்டும் இயந்திரமான இறைபோசோமிலிருந்து வெளியே தலைகாட்டியவுடனேயே ஒரு துணிக்கை வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு புரதமும் ஓர் ஆர்.என்.ஏ.யும் சேர்ந்த துணிக்கை அது. பிடித்ததும் கட்டும் வேலை தாமதமாகிறது, இறைபோசோம் அப்படியே அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வுக்கு இழுபட்டுப் போகிறது. அங்கே ஒரு கால்வாய்ப் புரதம் இருக்கிறது, ஊசிக்காதில் நூல் கோர்ப்பது போல சங்கிலி அதற்குள்ளால் உள்ளே நுழைகிறது. உள்ளே போனவுடன் ஒரு நொதியம் அந்த 24ஐயும் வெட்டி எறிந்துவிடுகிறது. முகவரியின் வேலை வாசலோடு சரி.

இதைக் கண்டுபிடித்தவர் குந்தர் புளோபெல். 1971 இல் சபாடினியோடு சேர்ந்து ஊகமாகச் சொன்னார், 1975 இல் டொபர்ஸ்டைனோடு சேர்ந்து பரிசோதனைக் குழாயில் செய்து காட்டினார், 1999 இல் நோபல் பரிசு. அவர் 1945 இல் எட்டு வயதுப் பிள்ளையாகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து ஓடும் வழியில் டிரெஸ்டன் நகரத்தைப் பார்த்தவர், சில நாளில் குண்டுவீச்சில் அது எரிந்த வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து கண்டவர். பரிசுப் பணத்தை அந்த நகரத்துத் தேவாலயத்தையும் யூதர்களின் தொழுகைக்கூடத்தையும் திரும்பக் கட்டக் கொடுத்தார். பரீட்சைக்கு வராது, ஆனாலும் இதை வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

முகவரி இல்லாத புரதம் கலத்தை நிரப்பியிருக்கும் கூழான குழியவுருவிலேயே தங்கிவிடும். கருவுக்கு ஒரு மாதிரித் துண்டு, இழைமணிக்கு வேறு மாதிரி. அவை தனி வழி, இப்போது விடுகிறேன்.

அப்புறம் எல்லாரும் தவறவிடும் இடம். சிறுவலைக்குள் போன புரதம் அதன் பிறகு தன் பயணத்தில் எந்த மென்சவ்வையும் துளைத்துக்கொண்டு போவதில்லை. துளைப்பது அந்த ஒரே தடவைதான். பிறகு மென்சவ்வில் ஒரு துண்டு பையாகப் பிதுங்கிக் கழன்று, புரதத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு போய், அடுத்த மென்சவ்வோடு கலக்கிறது. ஆட்டிறைச்சிக் கறியின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் தொட்டு ஒன்றாவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான். ஆகவே சிறுவலையின் உட்பக்கம் என்பது ஒரு கணக்கில் கலத்தின் வெளிப்பக்கமே. இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சப் படமெல்லாம் தானாக வரும்.

ஆனால் சரியான வடிவத்துக்கு மடியாத புரதத்துக்குப் பயணம் இல்லை. இன்சுலினுக்கு மூன்று இருசல்பைட்டுப் பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் போடும் முடிச்சு) சரியான இடத்தில் விழவேண்டும். எண்ணெய்த்தன்மையான பகுதி வெளியே தெரிந்துகொண்டிருந்தால் துணைப்புரதங்கள் ஒட்டிக்கொண்டு விடாது, கடைசிவரை சரிவராவிட்டால் கலம் அதைக் குழியவுருவுக்குள் இழுத்துப் போட்டு உடைத்துவிடும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றவர்களுக்கு இது லேசாக விளங்கும். அங்கே போலவே இங்கேயும் கண்டிப்பு சிலவேளை கூடிப்போகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் பெரும்பாலானோரிடம் 1480 அமினோவமிலம் கொண்ட ஒரு புரதத்தில் 508ஆவது ஒன்று மட்டும் இல்லை. அந்தப் புரதம் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவாவது வேலை செய்யும், ஆனால் மடிப்பு சரியில்லை என்று அதைச் சிறுவலையிலேயே மறித்து அழித்துவிடுகிறது கலம்.

வழியையும் நேரத்தையும் அளந்து காட்டியவர் ஜோர்ஜ் பலாடே. 1960களில் ஜேமீசனும் அவரும் கினிப்பன்றியின் சதையித் துண்டுகளுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள லியூசின் என்ற அமினோவமிலத்தை மூன்றே நிமிடம் கொடுத்து, பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றிவிட்டு, அந்த அடையாளமிட்ட புரதம் எங்கே நிற்கிறது என்று நேரம் விட்டு நேரம் பார்த்தார்கள். முதலில் சிறுவலை, சில நிமிடங்களில் கொல்கி, சுமார் இரண்டு மணித்தியாலத்தில் சுரப்புச் சிறுமணி, அதாவது வெளியே கொட்டக் காத்திருக்கும் பை. கமிலோ கொல்கி 1898 இல், இப்போது அவர் பெயரால் கொல்கி என்று சொல்கிற வலைப்பின்னலைக் கண்டு சொன்னபோது அது சாயத்தின் கோளாறு என்று நம்பாதவர்கள் கனபேர்.

கொல்கியில்தான் அடுத்த முகவரி ஒட்டப்படுகிறது. இலைசோசோமுக்குரிய நொதியங்களின் மன்னோசு வெல்லத்தில் ஒரு பொசுபேற்று ஏறும், அதைப் பிடிக்கும் வாங்கிகள் அந்த நொதியங்களை மட்டும் தனிப் புடகங்களுக்குள் சேர்க்கும். அந்தப் பொசுபேற்றை ஏற்றுகிற நொதியம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களின் இலைசோசோம் நொதியங்கள் முகவரி இல்லாமல் இரத்தத்துக்குள் போய்விடுகின்றன, இலைசோசோம்களோ சமிக்காத குப்பையால் நிரம்பிக் கிடக்கின்றன. பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, சீட்டுத்தான் இல்லை. மாங்குளத்தில் இறக்கவேண்டிய பார்சல் பெயர் அழிந்து முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறியது போல.

சிறுவலையிலேயே இருக்கவேண்டிய புரதம் தவறி கொல்கிக்கு வந்துவிட்டால்? அதன் வாலில் நான்கு அமினோவமிலம் கொண்ட ஒரு குறி இருக்கும், கொல்கியில் இருக்கும் வாங்கி ஒன்று அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

புடகம் சரியான மென்சவ்வோடுதான் கலக்கவேண்டும், அதற்கு இருபக்கமும் ஜோடியாக முறுக்கிக்கொள்ளும் புரதங்கள் உண்டு. இந்தப் பகுதிக்கு 2013 இல் ரொத்மன், ஷெக்மன், சுடோஃப் மூவருக்கும் நோபல். எனக்குப் பிடித்தது ஷெக்மனும் நொவிக்கும் மதுவத்தில் (ஈஸ்ட்) செய்த வேலை. வெளியேற்ற முடியாத மதுவக் கலத்துக்குள் சரக்குத் தேங்கி அடர்த்தி கூடும், அந்த அடர்த்தியை வைத்தே கோளாறான கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டு, பதர் மிதக்க நல்ல நெல் அடியில் நிற்கிறதே, அந்த யுக்திதான், இங்கே தேடியது அடியில் நின்ற பழுதை. 1980 இல் 23 மரபணுக்கள் கிடைத்தன.

துருப்பிடித்த தகரம் வெட்டினால் ஏற்பூசி போட ஓடுகிறோமே, ஏற்புக் கிருமியின் நஞ்சு வெட்டுவதும் இந்த முறுக்கும் புரதம் ஒன்றைத்தான். தசையை அடக்கச் சொல்லும் நரம்புகளின் புடகங்கள் கலக்கமுடியாமல் நின்றுவிடுகின்றன, தசை இறுகிக்கொண்டே போகிறது.

இன்சுலினுக்கு வருவோம். சிறுமணிக்குள் வைத்துச் சங்கிலியின் நடுவில் 31 அமினோவமிலத் துண்டொன்று வெட்டப்படுகிறது, வெட்டுவாயில் இருந்த நான்கும் கழன்றுபோகின்றன, மிஞ்சும் 51 தான் இன்சுலின். குளுக்கோசு ஏறி கல்சியம் கலத்துக்குள் வரும்வரை சிறுமணி காத்துநிற்கும், பிறகு கலந்து கொட்டும். வெட்டிய துண்டு, சீ-பெப்தைட்டு, அதே பைக்குள்தான் இருக்கிறது, அதுவும் இரத்தத்துக்குள் வருகிறது. ஊசியில் வரும் இன்சுலினில் அந்தத் துண்டு இல்லை. அதனால்தான் அம்மாவின் உடம்பு சொந்தமாக இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க டொக்டர் இன்சுலினை விட்டுவிட்டு சீ-பெப்தைட்டை அளக்கச் சொன்னார்.