வாசகர் கேள்வி பதில்: கொட்டகை விசிறிகள்

கேள்வி: பழைய டாக்கீஸ் ஒன்றின் பெயர் அச்சடித்த அட்டை விசிறி வீட்டுப் பரணில் கிடைத்தது. பின்பக்கம் சோப்பு விளம்பரம். தேதி எதுவும் இல்லை. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, செங்கோட்டை

பதில்: முதலில் விளம்பரத்தில் விலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை சக்கரத்தில் இருந்தால் அது திருவிதாங்கூர் நாணயம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊர் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதால் இதற்கு வாய்ப்பு உண்டு. அப்படியானால் விசிறி 1940-களையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். ‘ந.பை.’ (நயா பைசா, அதாவது புதுப் பைசா) என்றால் இன்னும் நல்லது: அந்தப் பெயர் 1957 ஏப்ரலில் வந்து 1964 ஜூனில் போய்விட்டது.

விலை இல்லையா? முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் சின்ன அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தையே ஓட்டின.

கேள்வி: இதேபோன்ற விசிறியில் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. கைப்பிடியில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருவேறி, சுற்றிலும் அட்டை பழுப்பாகிவிட்டது. லேமினேட் செய்துவிடலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தயவுசெய்து வேண்டாம். லேமினேஷன் பசை சூட்டில் உருகி அட்டைக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. அட்டையிலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டு அதை மொரமொரப்பாக்கும். செல்லோ டேப்பும் ஆகாது.

பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் அது அட்டைக்குள் தேய்ந்து கறையாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். நன்றாகக் காய்ந்து தூளானதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வெயிலில் காட்டினால் சாயம் வெளுக்கும்.

துருப் பின்னைப் பிடித்து இழுத்தால் அட்டையும் கூடவே பிய்ந்து வரும், ஏனென்றால் துரு பட்ட இடத்தில் காகித நாரே மக்கியிருக்கும். விசிறியைக் கவிழ்த்து, பின்னின் காலுக்கும் அட்டைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செருகுங்கள். மழுங்கிய கத்தி நுனியால் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாகப் பின்னை மெதுவாகத் தூக்குங்கள். புதுப் பின் அடிக்காமல், அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும்.

மூங்கில் கைப்பிடியிலிருந்து மாவு கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் காற்று போகாமல் மூடி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் அட்டை மேல் நீர் கோத்துவிடும்.

பாலியெஸ்டர் உறையில், ஒரு பக்கம் திறந்தபடி வைப்பது நல்லது. பி.வி.சி. உறை நாளாக நாளாக மையோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பாரிஸ் கேளிக்கை அரங்கம் ஒன்றின் பெயர் போட்ட மடிப்பு விசிறியைப் பழம்பொருள் கடையில் காட்டினார்கள். நூறு வருஷம் பழையது என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: பாரிஸில் உணவகங்களும் அரங்குகளும் இப்படி விசிறி அச்சடித்துக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு நகல்களும் உண்டு. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் காகிதத்தின் மேல் அடியுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பேற்றி, அதாவது காகிதத்தைப் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும் ரசாயனம், கலந்திருக்கிறது. அது காகிதத்தில் பரவலாகக் கலக்கப்பட்டது 1950-ஐ ஒட்டித்தான். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் மடிப்புக் கோட்டைப் பாருங்கள். அசலில் மடிப்பின் மேல் மை தேய்ந்து காகித நார் தெரியும். நகலில் அழுக்கும் விரிசலும்கூடப் படத்தோடு சேர்த்து அச்சாகியிருக்கும். விரலால் தடவினால் வழவழவென்றே இருக்கும்.

கடையில் விரித்துப் பார்க்கும்போது இரு ஓரங்களையும் பிடித்து இழுக்காதீர்கள். அடி ஆணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குச்சியாக நகர்த்துங்கள். முழுக்க விரியாமல் அடம்பிடித்தால் அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள்.