பேகன்களுக்கும் நாத்திகர்களுக்கும் ஏன் பெரும்பாலும் ஒத்துப்போகிறது?

ஒருவர் பத்துப் பதினைந்து தெய்வங்களைக் கும்பிடுகிறார், இன்னொருவர் ஒன்றைக்கூட ஏற்பதில்லை; இருந்தும் இந்த இரண்டு பேருக்கும் சண்டை வருவதில்லையே, எப்படி என்பதுதானே கேள்வி? நான் நாத்திகன். விக்கா என்ற பேகன் மதவழியில் இருக்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பேகன் என்று இங்கே நான் சொல்வது, கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் இயற்கையையும் போற்றும் இன்றைய பேகன்களை. விக்காவினர், பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரை எடுத்துக்கொண்ட ட்ரூயிட்கள், ஓடின், தோர் போன்ற வட ஐரோப்பியத் தெய்வங்களைப் போற்றுகிறவர்கள், பழைய கிரேக்க வழிபாட்டுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்க்கிறவர்கள் என்று பல கூட்டங்கள் இதில் அடக்கம். பெயர்கள் பழையவை என்றாலும் இவற்றில் பலவும் இப்போதைய வடிவத்தை எடுத்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், என் பேகன் நண்பர்களுக்கு என்னுடைய சம்மதம் தேவையில்லை. நான் அவர்களுடைய தேவியை நம்பாவிட்டால் அவளுக்குக் கோபம் வராது. செத்த பிறகு என்னை எரிக்க அவர்களிடம் நரகமும் இல்லை. என்னைத் திருத்திக் கரைசேர்க்க வேண்டிய கடமை அவர்கள் தலையில் இல்லாததால், எங்கள் பேச்சில் ஒருவரை ஒருவர் இழுக்கும் வேலையே கிடையாது. அக்கறையோடு என்னை மாற்றப் பார்த்த வேறு மத நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த அக்கறை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சாதாரணமாகப் பேசுவது கஷ்டம்.

ஒரு தோழியிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறேன்: “நிலவுத் தேவி நிஜமாகவே இருக்கிறாள் என்று நினைக்கிறாயா, இல்லை அது மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு உருவமா?” சில நாள் அப்படி, சில நாள் இப்படி என்றாள். “அதை நான் முடிவு பண்ணியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? பௌர்ணமி அன்று மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தால் எனக்குள் ஏதோ சரியாகிறது. அது போதும்.” வாதாடத் தயாராக வந்தவன் நான், எதிரே வாதாட ஆளே இல்லை.

இது அவள் ஒருத்தியின் குணம் மட்டும் இல்லை. பெரும்பாலான பேகன் வழிகளில் “நீ எதை நம்புகிறாய்” என்பதைவிட “நீ என்ன செய்கிறாய்” என்பதுதான் முக்கியம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் வேதநூலோ, தலைமைக் குருவோ, மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய நம்பிக்கை அறிக்கையோ அவர்களுக்கு இல்லை. விக்காவில் பலரும் ஏற்கும் நெறியே, யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பதுதான். அதில் கடவுள் என்ற பேச்சே வருவதில்லை பாருங்கள். ஐஸ்லாந்தில் பழைய நார்டிக் தெய்வங்களைப் போற்றும் ஆசாத்ரு சங்கம் 1972இல் தொடங்கி, மறு ஆண்டே அரசு அங்கீகாரமும் பெற்றது. அதன் தலைவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மார்சன் ஓர் இசையமைப்பாளர். எட்டுக் கால் குதிரையில் ஒற்றைக் கண்ணன் ஒருவன் (கதைகளில் ஓடின் அப்படித்தான் வருவான்) சுற்றிவருகிறான் என்று யாரும் நம்புவதாக அவருக்குத் தோன்றவில்லையாம். அந்தக் கதைகளை இயற்கைச் சக்திகளையும் மனித மனத்தையும் பற்றிய கவித்துவமான உருவகங்களாகப் பார்க்கிறோம் என்று 2015இல் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு மதத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் இப்படிப் பேசினால் நாத்திகன் எதை எதிர்ப்பது?

அப்புறம், சட்டம். அமெரிக்காவில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் நிற்க வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. போர்வீரர்களின் கல்லறைக் கல்லில் பொறிக்க அரசு ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நாத்திகர்களுக்கு அணு வடிவச் சின்னம் ஏற்கெனவே இருந்தது. விக்காவினரின் ஐந்துமுனை நட்சத்திரம் மட்டும் இல்லை. ஆஃப்கானிஸ்தானில் 2005இல் கொல்லப்பட்ட சார்ஜன்ட் பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்காக அவர் மனைவி போராட வேண்டியிருந்தது. கடைசியில் அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கக் கோரும் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்த பிறகு, 2007 ஏப்ரலில்தான் அரசு இறங்கிவந்து அந்தச் சின்னத்தை ஏற்றது. நாத்திகர்கள் நன்கொடை கொடுத்து ஆதரிக்கும் அமைப்புகள் எவையோ, பேகன்களும் நெருக்கடியில் அவற்றின் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்ற ஊரின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே நகர்மன்றக் கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கும். வருடக்கணக்காக அது கிறிஸ்தவப் பிரார்த்தனையாகவே இருந்தது. ஒரு யூதப் பெண்ணும் ஒரு நாத்திகப் பெண்ணும் ஆட்சேபித்து வழக்குக்குப் போனார்கள். அந்தச் சர்ச்சையைப் பத்திரிகையில் படித்த ஒரு விக்கா பெண் பூசாரி, எனக்கும் வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அதே மன்றத்தில் பிரார்த்தனை செய்தார். வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் ஊருக்குச் சாதகமாக முடிந்தது. நாத்திகர் “யாரும் பிரார்த்திக்க வேண்டாம்” என்கிறார், பேகன் “அப்படியென்றால் எங்களையும் விடுங்கள்” என்கிறார். கேட்பது வேறு. ஆனால் ஒரே ஒரு மதம் அரசு மேடையை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

மேற்கு நாடுகளில் இரண்டு தரப்பிலும் பலர் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து வெளியே வந்தவர்கள் என்பதும் உண்டு. வீட்டில் எப்படிச் சொல்வது, வேலையிடத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருவருக்கும் பழக்கமானது. எல்லோரும் சொல்லும் காரணம் இது, உண்மைதான், இதில் மேலே விரிக்க ஒன்றும் இல்லை.

எனக்கு அவர்கள்மேல் நிஜமான மரியாதை வந்தது வேறு ஒரு விஷயத்தில். விக்காவினரிடையே ரொம்ப காலம் ஒரு கதை நிலவியது: கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு சூனியக்காரி மதம் ஐரோப்பாவில் ரகசியமாகத் தொடர்ந்தது, அதைத்தான் திருச்சபை வேட்டையாடியது, 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று. முதல் பாதிக்கு ஒரு அறிஞரின் முத்திரையும் இருந்தது; 1921இல் மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியவியலாளர் அதை எழுதினார். வரலாற்றாளர்கள் அதை ஏற்கவில்லை. கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் 40,000 முதல் 60,000 பேர் வரை, அவர்களில் ஆண்களும் உண்டு என்பதுதான் இன்றைய மதிப்பீடு. பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததுதான் விக்கா. அது பழைய மதத்தின் எச்சம் இல்லை, நவீன காலத்துப் படைப்பு என்று வரலாற்றாளர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் விரிவாகக் காட்டினார்.

தன் மதத்தின் தோற்றக் கதையே தவறு என்று ஒருவர் ஆதாரத்தோடு நிரூபித்தால் என்ன நடக்கும்? இங்கேயும் கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பேகன்களே அந்த ஆய்வை வாங்கிப் படித்தார்கள், விவாதித்தார்கள், கணிசமானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். என் தோழி சொன்னது: “எழுபது எண்பது வயசு மதம் என்றால் என்ன, வேலை செய்கிறதல்லவா?” இப்படி ஒரு பதிலை நான் வேறு எந்த மதத்தவரிடமும் கேட்டதில்லை.

தெய்வம் என்ற ஒன்றையே எடுத்துவிட்டுச் சடங்குகளை மட்டும் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், நாத்திகப் பேகன்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆண்டின் நீண்ட இரவு, நீண்ட பகல், இரவும் பகலும் சமமாகும் நாட்கள், அவற்றுக்கு நடுவே வரும் நான்கு நாட்கள் என எட்டுப் பண்டிகைகள். சூரியன் நிஜமாகவே திரும்புகிறது, கொண்டாட அது போதாதா என்பது அவர்கள் பக்கம். ஆனால் தெய்வங்களைத் தனித்தனி ஆட்களாகவே நம்பும் பேகன்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. என்னோடு சுமுகமாக இருக்கும் ஒருவர் நாத்திகப் பேகன் என்ற பேச்சு வந்தால் சூடாகிவிடுவார். வெளியே நிற்கும் நாத்திகன் பரவாயில்லை, உள்ளே வந்து தெய்வத்தை வெறும் குறியீடு என்று சொல்பவன்தான் தொல்லை! அது நியாயமான எரிச்சல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். டாரோ சீட்டு, ஜாதகம், படிகக் கல் வைத்தியம் என்று வந்தால் நாங்கள் முட்டிக்கொள்வோம். சீட்டு போட்டுப் பார்ப்பதை நான் பொழுதுபோக்காக விட்டுவிடுவேன். கல்லை வைத்து நோயைக் குணமாக்கலாம் என்றால் விட முடியாது. வட ஐரோப்பியத் தெய்வ வழிபாட்டில் இனவெறிக் குழுக்களும் புகுந்திருக்கின்றன, அவர்களோடு எந்த நாத்திகனும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பேகன்களே அவர்களை ஒதுக்குகிறார்கள்: அப்படிப்பட்ட ஓர் அமெரிக்கக் குழுவோடு உறவில்லை என்று 2016இல் பல பேகன் அமைப்புகள் சேர்ந்து பிரகடனமே வெளியிட்டன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பல தெய்வ வழிபாடு என்றாலே சகிப்புத்தன்மை என்று சிலர் எழுதுவார்கள். கி.மு. 399இல் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது பல தெய்வங்களைக் கும்பிட்ட ஊர்தான், குற்றச்சாட்டுகளில் ஒன்று ஊர் தெய்வங்களை மதிக்கவில்லை என்பது. ரோமானியர்கள் அன்றைய கிறிஸ்தவர்களையே நாத்திகர்கள் என்று திட்டினார்கள். ஆக, இன்றைய ஒத்துப்போதலில் ஒரு பங்கு, இருவருமே சிறுபான்மையாக இருந்ததால் வந்தது என்று நினைக்கிறேன்.

அதிலும் கணக்கு மாறிக்கொண்டு வருகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேகன் என்று பதிந்தவர்கள் சுமார் 74,000 பேர். மதம் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். அத்தனை பேரும் நாத்திகர்கள் இல்லை என்றாலும் அங்கே பெரிய கூட்டமாகிக்கொண்டிருப்பது எங்கள் பக்கம்தான். பௌர்ணமிச் சடங்கைக் கேலி பண்ணிச் சிரிக்கும் நாத்திகர்களைப் பார்க்கும்போது, எனக்குப் பேகன்களைவிட எங்கள் ஆட்களை நினைத்துத்தான் கவலை வருகிறது.